ஒரு நாள் முந்திய வாழ்த்து

அத்தியாயம் ஒன்பது

டான்யூப் நதிக்கு அவசரம் கிடையாது. ஓட்டிலி மேடத்தின் முழங்கால்களுக்கும் கிடையாது. 'ராணி கிசெலா' கப்பலின் மேல்தளத்துக்குப் போகும் படிகளில் அவர் ஒன்றில் ஏறி, நின்று, மூச்சு விட்டு, அடுத்ததைத் திட்டிவிட்டு அதில் ஏறிக்கொண்டிருந்தார். நான் பின்னால் வந்தேன். விழுந்தால் பிடிப்பதற்கு என்று பெயர். உண்மையில் விழுந்தால் இருவருமாகத்தான் போவோம்.

"லிஃப்ட் இல்லாத கப்பல்ல எவளாவது துப்பறிவாளா போல்டி?"

"லிஃப்ட் இருக்கு மேடம். ரிப்பேர்னு போர்டு தொங்குது."

"அப்ப முதல்ல அது ஏன் ரிப்பேர் ஆச்சுன்னு துப்பறி."

வியன்னா போலீஸில் இன்ஸ்பெக்டராகப் பல காலம் குப்பை கொட்டியவர் ஓட்டிலி மேடம். ஓய்வு பெற்றதும் ரோஜா வளர்ப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ரோஜாவுக்குக் குனிய வேண்டும். அதனால் ஒரு கசாப்புக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். நான் டிராம் ஓட்டிக்கொண்டிருந்தவன், முதுகு போய்விட்டது என்று வேலையை விட்டவன். எங்கள் இருவரில் ஒருவரால் நடக்க முடியாது, மற்றவரால் எதையும் தூக்க முடியாது. எங்களைக் கண்டு நடுங்குகிற குற்றவாளி வியன்னாவில் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்தக் கப்பலில் நாங்கள் கம்பளி நூல் கடை வைத்திருக்கும் அக்காவும் தம்பியும். கூட்டி வந்தவர் லிண்டே அம்மா. லின்ஸ் ஊர்க்காரர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர், கணவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. சின்ன வயதில் லின்ஸ் படகுக் கிளப்பில் அவரும் ரூபர்ட்டும் ஆல்ஃபோன்ஸும் ஒரே படகில் துடுப்புப் போட்டவர்கள். லிண்டேவுக்கும் ரூபர்ட்டுக்கும் கல்யாணம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ரூபர்ட்டுக்கு பிரேசிலில் வேலை கிடைத்தது. லிண்டேயின் அம்மா அப்போது படுத்த படுக்கை. அவன் போனான், அவள் போகவில்லை. நாற்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. மனைவியை அடக்கம் செய்த கையோடு இந்த வசந்தத்தில் ரூபர்ட் ஃபோன் செய்தார். பழைய நண்பர்கள் மூவரும் பாசாவ் துறையில் கப்பலேறி புடாபெஸ்ட் வரை சேர்ந்து போவது என்று முடிவாயிற்று. புடாபெஸ்டிலிருந்து அப்படியே தன்னோடு பிரேசிலுக்கு வந்துவிடும்படி ரூபர்ட் கேட்டிருந்தார். லிண்டே அம்மா சரி என்று சொல்லும் தறுவாயில் இருந்தார்.

ஒரே ஒரு முள்தான் உறுத்தியது. இந்த மனிதர் நிஜமாகவே ரூபர்ட்தானா? தனியாக இருக்கிற வயதான பெண்களுக்கு ஃபோன் போட்டு, பேரன் என்றும் பழைய காதலன் என்றும் சொல்லி ஏமாற்றுகிற கும்பல் எங்கள் ஊரில் நிறைய. அன்றைய ரூபர்ட்டுக்குத் தலை நிறைய முடி, சொந்தப் பல், பாடுகிற குரல். பாசாவில் வந்து இறங்கியவருக்கு மூன்றும் இல்லை. கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்பதுதான் எங்கள் வேலை.

நாங்கள் வைத்த சோதனைகளில் மனிதர் பாதி தேறினார், பாதி தவறினார். ஒயின் கோப்பையை மோதும்போது எங்கள் ஊர் வழக்கப்படி ஒவ்வொருவர் கண்ணையும் நேராகப் பார்த்தார். நல்லது, நம் ஊர்க்காரன்தான். நாங்கள் வினிகர் மட்டும் ஊற்றுகிற உருளைக்கிழங்கு சாலட்டுக்கு மயோனைஸ் கேட்டார். என்னைக் கேட்டால் அதற்கே கைது செய்யலாம். மேடம்தான் பிரேசிலில் நாக்கு கெட்டுப் போயிருக்கும் என்று விட்டுவிட்டார்.

மேல்தளத்தில் அக்டோபர் பனி. கப்பல் மெல்க் துறையில் கட்டியிருந்தது. மற்றப் பயணிகள் எல்லாம் மலைமேல் இருக்கும் மடத்தைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். லிண்டே அம்மா மட்டும் கம்பளிக்குள் சுருண்டு, முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார்.

"வாழ்த்திட்டாரு," என்றார்.

"யாரு?"

"ரூபர்ட். காலையில இங்கதான் உக்காந்திருந்தேன். வந்தாரு, என் ரெண்டு கையையும் பிடிச்சாரு. 'பிறந்தநாள் வாழ்த்துகள் லிண்டே, நூறு வயசு இரு'ன்னாரு."

கடித்துக்கொண்டிருந்த ரொட்டியைக் கீழே வைத்தேன். "உங்க பிறந்தநாள் நாளைக்குத்தானே?"

"நாளைக்குத்தான். எழுபது."

எங்கள் ஊரில் தலை போகிற காரியமாக இருந்தாலும் பிறந்தநாளுக்கு முந்தி யாரும் வாழ்த்த மாட்டார்கள். வாழ்த்தினால் அந்த நாளை அந்த ஆள் பார்க்க மாட்டார் என்பது எங்கள் பயம். எமனுக்கு விலாசம் கொடுத்த மாதிரி. டாக்டர், பாதிரியார், நாத்திகம் பேசுகிறவர் யாராக இருந்தாலும் இதில் வாயைத் திறக்க மாட்டார்கள். என் டிராம் டெப்போவில் என்னோடு பேச்சுவார்த்தையே இல்லாத ஒருவன் இருந்தான். எனக்குக் கேடு வரட்டும் என்று நாள் முழுக்கச் சபிப்பான். அவன்கூட ஒரு நாள் முந்தி வாழ்த்தியதில்லை.

"ரூபர்ட்டோட அம்மாவைப் பத்திச் சொல்றேன் கேளுங்க," என்றார் லிண்டே அம்மா. "ஒரு தடவை அவங்க தங்கச்சி பிறந்தநாள் கேக்கை ஒரு நாள் முந்திக் கொண்டு வந்துட்டா. அந்தம்மா கேக்கைத் தட்டோட தூக்கி ஜன்னல் வழியா எறிஞ்சுட்டாங்க. தட்டு நல்ல தட்டு. அந்த வீட்டுல வளர்ந்தவன் இதைச் செய்வானா?"

"செய்ய மாட்டான்," என்றேன் நான். "கேஸ் முடிஞ்சது. இவர் வேற ஆளு."

"அப்ப இத்தனை நாளா நான் யார் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன்?"

அழுகிற வயதான பெண்களைப் பார்த்தால் எனக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியாது. பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

"மேடம், இன்னொண்ணும் இருக்கு," என்றேன். "டிபன் ஹால்ல நடந்தது."

அன்று காலை டிபன் சாப்பிடும்போது ரூபர்ட் எங்கள் மேஜையைக் கடந்து போனார். முந்தின நாள் வரை 'வணக்கம்மா' என்று மட்டும் சொன்னவர், இன்று நின்று, தலையைக் குனிந்து, "காலை வணக்கம் இன்ஸ்பெக்டர் அம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். கம்பளி நூல் விற்கிற பெண்மணியைப் பார்த்து.

"திருட்டுப் பயலுக்குப் போலீஸ் வாடை தெரியும் மேடம். மோப்பம் பிடிச்சுட்டான்."

மேடம் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். அவர் விஷயத்தில் அது நடக்கக்கூடியதுதான்.

"லிண்டேம்மா," என்றார் மூடிய கண்ணோடு. "வாழ்த்தினாரு. அப்புறம் என்ன பண்ணாரு?"

"அப்புறமா? ஒண்ணும் பண்ணலை. போயிட்டாரு."

"உடனேவா?"

"இல்ல. சுத்திமுத்திப் பார்த்தாரு, எதையோ தொலைச்ச மாதிரி. இந்தக் கம்பியைத் தொட்டாரு, விட்டுட்டாரு. நாற்காலியைத் தொட்டுப் பார்த்தாரு, அது பிளாஸ்டிக். அப்புறம் குனிஞ்சு என் குடையோட பிடியை மூணு தடவை தட்டிட்டுப் போனாரு."

"குடைப் பிடி எதுல செஞ்சது?"

"மரம்."

மேடம் கண்ணைத் திறந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

அப்போது படியேறி வந்தார் ஆல்ஃபோன்ஸ். லின்ஸ் நகராட்சிக் குடிநீர் அலுவலகத்தில் கடைசி வரை இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். மெலிந்த உடம்பு, இஸ்திரி போட்ட கைக்குட்டை. ஒரு கையில் டீ, மறு கையில் இன்னொரு கம்பளி. லிண்டே அம்மா கேட்கவே இல்லை, அவராகவே அதை அவர் முழங்காலில் போர்த்தினார்.

"ஆல்ஃபோன்ஸ், அவரு எனக்கு முந்தியே வாழ்த்திட்டாருப்பா."

"கேள்விப்பட்டேன். ஏதோ நம்பிக்கையில்லாத பய. நான்தான் முதல்லயே சொன்னேனே லிண்டே, ஆள் சரியில்லைன்னு." டீயைக் கலக்கி அவர் கையில் கொடுத்தார். "விடு. போலீஸ், ரகளை எதுவும் வேணாம். அவனே கௌரவமா போயிடுவான். நாம புடாபெஸ்ட் வரைக்கும் நிம்மதியா போவோம்."

"டீ நல்ல மணமா இருக்கே," என்றார் மேடம். அவ்வளவுதான் சொன்னார். பிறகு என் தோளைப் பிடித்து எழுந்தார். "போல்டி, கீழே போகணும்."

"இப்பத்தானே மேடம் ஏறி வந்தோம்?"

"அதான் இறங்கறோம்."

படியில் இறங்குவது ஏறுவதைவிடக் கொடுமை. நடுப்படியில் அவர் நின்றுவிட்டார். கப்பல் லேசாக ஆடியது.

"அந்த மனுஷன் மரத்துக்கு என்ன பாடு பட்டிருக்காரு பாரு," என்றார். "இந்தக் கப்பல்ல எல்லாமே இரும்பும் பிளாஸ்டிக்கும். குடைப் பிடியைத் தேடிக் கண்டுபிடிச்சிருக்காரு."

"தட்டினாரு. அதுக்கென்ன?"

"மரத்தை எதுக்குத் தட்டுவோம்?"

"தோஷம் போகறதுக்கு."

"முந்தி வாழ்த்தினா தோஷம்னு தெரியாதவன் தட்டுவானா?"

பிரேசில்காரனோ, வேறு எந்த ஊர்த் திருடனோ, வாழ்த்திவிட்டுச் சிரித்துக்கொண்டே போயிருப்பான்.

"தெரிஞ்சேதான் வாழ்த்தியிருக்காரு," என்றேன். "தப்புன்னு தெரியும், தடுக்கவும் பார்த்திருக்காரு. அப்புறம் எதுக்கு வாழ்த்தணும்? நாளைக்கு வாழ்த்தியிருக்கலாமே."

"நாளைக்கு வாழ்த்த முடியாதவன்தான் இன்னிக்கு வாழ்த்துவான்."

"மேடம், ஆத்துல கீத்துல..."

"உனக்கு எதுக்கெடுத்தாலும் சாவுதானா? இறங்கப் போறாருடா. இந்தத் துறையில. நட."

ரிசப்ஷனில் இலோனா என்ற ருமேனியப் பெண் இருந்தாள். கரைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் அறை எண் போட்ட அட்டை கொடுப்பாள். திரும்பி வந்ததும் வாங்கி ஆணியில் மாட்டுவாள். யாருடைய அட்டை ஆணியில் இல்லையோ அவர் இன்னும் கரையில் என்று கப்பலுக்குத் தெரியும்.

"பன்னெண்டாம் நம்பர் ரூபர்ட் ஐயா இறங்கிட்டாராம்மா?" என்றேன்.

"பெட்டியோட போனாரு சார், கொஞ்சம் முன்னாடிதான். அட்டை நீட்டினேன். 'நீயே வச்சுக்கோம்மா, எனக்கு வேண்டியதில்லை'ன்னாரு. ரயில்வே ஸ்டேஷனுக்கு எப்படிப் போகணும்னு கேட்டாரு."

"உடம்பு சரியில்லைன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலை. சாக்லேட் கொடுத்துட்டுப் போனாரு. இங்க யாரும் எனக்குச் சாக்லேட் கொடுத்ததில்லை."

கப்பல் மதியம் கிளம்பும். நான் கரைக்கு ஓடத் தயாரானேன். ஓடுவது என்றால், என் முதுகு அனுமதிக்கிற அளவுக்கு. மேடம் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவரைப் பிடிச்சு என்னன்னு கேப்பே? போறதுக்குக் காரணம் இங்கதான் இருக்கு. இன்ஸ்பெக்டர் அம்மான்னாரே, அதை யோசிச்சியா?"

"அதான் சொன்னேனே, திருடனுக்குப் போலீஸ் வாடை..."

"திருடனுக்கு நான் யாருன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவான்? தெரியாத மாதிரி இருப்பான். நூல் என்ன விலைன்னு கேப்பான். நம்ம ஊர்க்காரனுக்கு ஒருத்தரோட பட்டம் தெரிஞ்சா அதைச் சொல்லாம இருக்க முடியுமா?"

முடியாது. எங்கள் ஊரில் கதவிலும் பட்டம், கல்லறையிலும் பட்டம். டாக்டரின் மனைவியைக் காய்கறிக்காரி 'டாக்டரம்மா' என்பாள். என்னையே ஓய்வு பெற்ற பின்னும் பக்கத்து வீட்டுக் கிழவர் 'டிரைவர் சார்' என்றுதான் திட்டுவார். ஒருவர் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் பட்டத்தை விட்டுவிட்டு வணக்கம் சொல்வது எங்களால் ஆகாது.

"அப்ப அவரு நிஜ ரூபர்ட்டு," என்றேன் மெதுவாக. "நாம யாருன்னு யாரோ அவர்கிட்ட சொல்லிட்டாங்க."

"முந்தா நாள் தெரியாது. இன்னிக்குக் காலையில தெரியும். நேத்து யார் சொன்னா?"

"நம்மளைப் பத்தித் தெரிஞ்சவங்க இந்தக் கப்பல்ல லிண்டேம்மா ஒருத்தர்தான். யார்கிட்டயும் சொல்லலைன்னு அவங்களே சொன்னாங்களே."

"திரும்பக் கேளு."

மறுபடியும் படி. இந்த முறை மேடத்தைக் கீழேயே விட்டுவிட்டு நான் மட்டும் ஏறினேன். லிண்டே அம்மா ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தார்.

"எங்களைப் பத்தி நிஜமாவே யார்கிட்டயும் சொல்லலையா?"

"யார்கிட்டயும் இல்ல."

"ஆல்ஃபோன்ஸ்கிட்ட?"

"ஆல்ஃபோன்ஸா?" அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "துப்பறியறவங்களைப் போய்ப் பாருன்னு சொன்னதே அவன்தானே. அவனை எல்லாம் கணக்குல சேக்கணுமா? அவன் எங்க வீட்டு ஆள் மாதிரி."

கணக்கில் சேர்க்கப்படாத மனிதர் டைனிங் ஹாலில் தங்கள் மேஜையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். மூன்று பேர் மேஜை. ஒரு நாற்காலியை இழுத்துச் சுவரோரம் வைத்துவிட்டார். மேடம் அந்த நாற்காலியைத் திரும்ப இழுத்துப் போட்டு அதிலேயே உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"ஆல்ஃபோன்ஸ் சார், ஒரு சந்தேகம்."

"கேளுங்க இன்ஸ்பெக்டர் அம்மா."

"பாருங்க, உங்களுக்கும் வாய்ல வந்துருச்சு. 'அவனே போயிடுவான்'னு மேலே சொன்னீங்க. அவரு போகப் போறாருன்னு அப்ப யாருக்கும் தெரியாதே. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

அவர் ஒரு கரண்டியை எடுத்து நேராக வைத்தார். மறுபடியும் எடுத்து அதே இடத்தில் வைத்தார். ஓடுவார், கத்துவார் என்று எதிர்பார்த்து நான் வாசல் பக்கம் நகர்ந்திருந்தேன். அவர் உட்கார்ந்தார். களைத்துப் போன மனிதர் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்காருவாரே, அப்படி.

"நான் பொய் ஒண்ணும் சொல்லலை," என்றார். "நேத்து அவன்கிட்ட போனேன். 'லிண்டே உன்னை நம்பலை, உன்னைத் துப்பறிய ஆள் வச்சிருக்கா, அதோ அந்த நூல் கடை அம்மாதான்'னேன். உண்மைதானே அது?"

"உண்மைதான். அந்த ஆளை வைக்கச் சொன்னது யாருன்னும் சொன்னீங்களா?"

அவர் மேஜைத் துணியின் மடிப்பை நீவினார்.

"அவங்ககிட்ட இவரு போலின்னீங்க. இவர்கிட்ட அவங்க நம்பலைன்னீங்க," என்றேன் நான். "ரெண்டு பக்கமும் டிக்கெட் கிழிச்சிருக்கீங்க."

"முதல்ல நிஜமாவே சந்தேகப்பட்டேன்யா. ஃபோன்ல எவனோ பேசறான், இவ துள்ளறா. ஏமாந்துடக் கூடாதேன்னுதான் உங்ககிட்ட அனுப்பினேன். சத்தியமா."

"பாசாவ்ல அவரைப் பார்த்ததுக்கு அப்புறம்?" என்றார் மேடம்.

டைனிங் ஹால் வாசலில் லிண்டே அம்மா வந்து நின்றதை நான் பார்த்தேன். கம்பளி இன்னும் தோளில் இருந்தது. மேடமும் பார்த்தார். ஆல்ஃபோன்ஸின் முதுகு வாசல் பக்கம் இருந்தது. நாங்கள் இருவருமே வாயைத் திறக்கவில்லை. சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"பார்த்ததும் தெரிஞ்சுருச்சு," என்றார் ஆல்ஃபோன்ஸ். "அந்தத் துறையில அவன் இடது தோளைத் தாழ்த்திக்கிட்டு நடந்து வந்தான். அவன் முதுகைப் பார்த்துக்கிட்டேதானே நான் அத்தனை வருஷமும் துடுப்புப் போட்டேன். எத்தனை வயசானாலும் அந்த முதுகு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் சொல்லலை."

"சொல்லி? அவ புருஷன் செத்தப்ப கூட இருந்தேன். அவ இடுப்பு எலும்பு உடைஞ்சப்ப நான்தான் சூப் வச்சுக் கொடுத்தேன். ஞாயித்துக்கிழமை ஆனா அவ வீட்டுல காபி, நான் கேக் வாங்கிட்டுப் போவேன். எனக்கு அது போதும்மா. நான் வேற எதுவும் கேட்டதில்லை. அவன் நாற்பத்தஞ்சு வருஷம் கழிச்சு ஒரு பெட்டியோட வர்றான், மூணு நாள்ல அவளைப் பிரேசிலுக்குக் கூட்டிட்டுப் போறேங்கறான்."

"நீங்க ஒரு தடவையாவது அவங்களைக் கேட்டிருக்கலாம்," என்றார் மேடம்.

"கேட்டு, இல்லைன்னுட்டா? அப்புறம் ஞாயித்துக்கிழமையும் போயிருமே."

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்த்தபோது லிண்டே அம்மா அங்கே இல்லை. கம்பளி மட்டும் தரையில் கிடந்தது.

"போல்டி," என்றார் மேடம். "போ. என் முழங்காலுக்கும் சேர்த்துப் போ."

எழுபது வயது விளையாட்டு டீச்சரை என்னால் பிடிக்க முடியவில்லை. கோட்டுகூட இல்லாமல், அட்டையும் வாங்காமல், பலகைப் பாலத்தைத் தாண்டிக் கரையில் போய்க்கொண்டிருந்தார். இலோனா பின்னாலேயே கூப்பிட்டாள். அவள் கொடுத்து, நான் மூச்சு வாங்கக் கொண்டு போன லிண்டே அம்மாவின் அட்டை என் கையிலேயே இருந்தது.

ரூபர்ட் அதிக தூரம் போகவில்லை. துறையிலிருந்து ஊருக்குள் போகிற பாதையில், பாப்லர் மரங்களுக்கு அடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெட்டியின் ஒரு சக்கரம் கழன்று பக்கத்தில் கிடந்தது. மொட்டைத் தலையில் பனி ஈரம். லிண்டே அம்மா அவர் எதிரில் போய் நின்றார். நான் கொஞ்சம் தள்ளி, ஒரு மரத்தைப் பார்ப்பது போல நின்றேன்.

"துப்பறிஞ்சு முடிஞ்சுதா?" என்றார் ரூபர்ட்.

"முடிஞ்சுது."

"நான் யாராம்?"

"நீதானாம்."

"பரவாயில்லையே. எனக்கே சில நாள் சந்தேகமாத்தான் இருக்கும்."

ரூபர்ட் சிரிக்கவில்லை. லிண்டே அம்மாவும் சிரிக்கவில்லை.

"ஆமா, உன்னை நம்பலை," என்றார் லிண்டே அம்மா. "ஆல்ஃபோன்ஸ் சொன்னது உண்மைதான். அவன் மேல பழியைப் போட்டுட்டு நான் தப்பிச்சுக்க மாட்டேன். என் மனசுல நீ இருபத்தஞ்சு வயசுலயே நின்னுட்டே. இந்தக் கிழவன் யாருன்னு எனக்குத் தெரியலை. கேட்டிருக்கணும். உன்கிட்டயே உக்காந்து கேட்டிருக்கணும். ஆள் வச்சுக் கேட்டுட்டேன்."

"பாசாவ்ல நான் உன்னைக் கண்டுபிடிச்சேன்னு நினைக்கறியா? முதல்ல வேற ஒரு அம்மாவைக் கட்டிப் பிடிச்சேன்."

"பார்த்தேன். அவ என்னைவிடக் குண்டு."

"அதான் அப்புறம் ரொம்ப வருத்தப்பட்டேன்."

இப்போது லிண்டே அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அது நிற்கும் வரை ரூபர்ட் காத்திருந்தார்.

"நான் போறேன் லிண்டே. கோபம் எல்லாம் இல்ல. களைப்பா இருக்கு. நான் நான்தான்னு நிரூபிச்சுக் காட்ட இந்த வயசுல தெம்பு இல்ல."

"உன்னை யாரும் நிரூபிக்கச் சொல்லலை. நகர்ந்து உக்காரு."

அவர் நகர்ந்தார். லிண்டே அம்மா உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் அந்தக் கழன்ற சக்கரம் கிடந்தது. லிண்டே அம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கப்பல் ஊதியது. மலையிலிருந்து இறங்கி வந்த பயணிகள் எங்களைத் தாண்டித் துறைக்கு விரைந்தார்கள். நான் இருமினேன். "லிண்டேம்மா, கிளம்பப் போறாங்க. ஐயாவையும் கூட்டிக்கிட்டு வாங்க, அவரு அட்டையும் அங்கதான் தொங்குது."

"நீங்க போங்க போல்டி. என் பெட்டியை வியன்னாவுல இறக்கி வச்சுடுங்க. வந்து வாங்கிக்கறேன்."

"இவர் கூடவா?"

"அதைத்தான் இனிமே பேசணும்."

அதற்குள் பாதையில் ஆல்ஃபோன்ஸ் வந்துகொண்டிருந்தார். கையில் லிண்டே அம்மாவின் கோட்டும் கைப்பையும் இருந்தன. எப்போதும் போல யாரும் கேட்காமலே கொண்டு வந்திருந்தார். ரூபர்ட்டைப் பார்க்கவில்லை. கோட்டை விரித்துப் பிடித்தார். லிண்டே அம்மா எழுந்து அவர் பிடித்த கோட்டுக்குள் கையை விட்டார். ஆல்ஃபோன்ஸ் காலரைச் சரி செய்யக் கையைத் தூக்கினார், பிறகு கீழே போட்டுக்கொண்டார்.

"குளிருது, மேல் பட்டனையும் போட்டுக்கோ," என்றார்.

"போட்டுக்கறேன்."

"லின்ஸுக்கு எப்ப திரும்பி வருவே?"

"தெரியலை."

"வந்ததும் ஒரு ஃபோன்..."

"வந்தாலும் உனக்குச் சொல்ல மாட்டேன் ஆல்ஃபோன்ஸ்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஆல்ஃபோன்ஸ் தலையை ஆட்டினார், ஏதோ கடைக்காரர் சரக்கு இல்லை என்று சொன்னதைக் கேட்டுக்கொள்கிற மாதிரி. கைப்பையை பெஞ்சின் மேல் வைத்தார். திரும்பிக் கப்பலை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே நடந்தேன். வழியெல்லாம் ஏதாவது கிண்டலாகச் சொல்லலாம் என்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

பாலத்தை எடுத்துவிட்டார்கள். கப்பல் கரையை விட்டு விலகி நடு ஆற்றுக்குப் போயிற்று. டைனிங் ஹாலில் மதியச் சாப்பாட்டு மணி அடித்தார்கள். ஆல்ஃபோன்ஸ் போய் அந்த மூன்று பேர் மேஜையில் உட்கார்ந்து, துணியை மடியில் விரித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரையில் நடந்ததை மேடத்திடம் சொல்லிவிட்டு, "இந்த ஆளுக்கு என்ன தண்டனை மேடம்?" என்றேன்.

"லிண்டேம்மா கொடுத்தாச்சே. நீயே கேட்டுட்டு வந்தியே."

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நேராக அந்த மேஜைக்குப் போய் ஆல்ஃபோன்ஸின் எதிரில் உட்கார்ந்து இரண்டு சூப் சொன்னார். எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருந்தது. ஆனாலும் மூன்றாவது நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் தனியாகச் சாப்பிட முடியவில்லை. போய் உட்கார்ந்து மூன்றாவது சூப் சொன்னேன்.